பார்வதியம்மாளுக்கு வந்த கடிதங்கள்

விசாலாக்ஷியும் ராஜலக்ஷ்மியும் சாயங்காலம் ஃபைவ் கார்டன் பூங்காப் பக்கம் நடக்கப் போனால் ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. அன்றைக்குக் கண்ணில் பட்டது ஏதாவது ஒன்று. பெரிய சமாசாரமாக இருக்கக் கூடாது. யுத்தச் செய்தி, விலைவாசி, யார் வீட்டில் கல்யாணம் என்பதெல்லாம் செல்லாது. விமானத் தாக்குதலுக்குப் பயந்து கட்டட வாசலில் எழுப்பியிருந்த தடுப்புச் சுவரின் மேல் யாரோ வடாம் பிழிந்து காய வைத்திருந்தார்களே, அது செல்லும்.

ராஜலக்ஷ்மி கதை எழுதுகிறவள். மாதுங்காவில் விசாலாக்ஷி குடியிருந்த வீட்டுக்கு நேர் மேல் மாடியில், இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் புருஷனோடு இருந்தாள். சென்னைப் பத்திரிகைகளில் அவள் கதை நான்கு வந்திருந்தது. புருஷனுக்கு ஆபீசில் கொடுக்கும் டைரியில், தேதியைப் பற்றிக் கவலைப்படாமல், பார்த்ததையெல்லாம் குறித்து வைப்பாள்.

"கற்பனைன்னு தனியா ஒண்ணு கிடையாதுடி விசாலம். பார்க்கணும். பார்த்தது ஆறிப்போறதுக்குள்ள எழுதி வச்சுக்கணும். அவ்வளவுதான் வித்தை" என்பாள்.

விசாலாக்ஷி கதை எழுதியதில்லை. ஆனாலும் அவளும் குறித்து வைத்தாள். ரேஷன் ஆபீசில் அவளுக்குக் குமாஸ்தா வேலை. எழுதிக் கெட்டுப்போன விண்ணப்பத் தாள்களின் பின்பக்கம் அவளுக்குப் போதுமாக இருந்தது. கதை எழுதாதவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று ராஜம் ஒரு தடவை கேட்டாள். "சும்மா, பொழுது போகணுமே" என்றாள் விசாலம். அது பொய்.

விசாலத்தின் கணவன் வெங்கடேஸ்வரன் ரங்கூனில் ஒரு மரக் கம்பெனியில் கணக்கராக இருந்தான். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நடந்தே வந்தவர்களோடு அவனும் வந்துகொண்டிருப்பதாகக் காதில் விழுந்தது. பிறகு ஒரு வருஷம் தகவல் இல்லை. மாமியார் பார்வதியம்மாள் சாப்பாடு இறங்காமல் படுத்த படுக்கையாகிவிட்டாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரியும், அதற்கு மேல் தெரியாது. நாற்பத்துமூன்றாம் வருஷம் மாசி மாதத்தில், கல்கத்தா முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. கிழவிக்கு அதைக் கேட்டதுமே எழுந்து உட்காரத் தெம்பு வந்துவிட்டது. "படி, படி" என்று பறந்தாள். விசாலம் உறையைக் கிழித்து உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

"சௌபாக்கியவதி விசாலாக்ஷிக்கு. நான் உயிரோடு வந்து சேர்ந்துவிட்டேன்."

அதுவரைதான் அவளால் உரக்கப் படிக்க முடிந்தது. அடுத்த வரியில், வழியில் தன்னைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றிய ஒருத்தியோடு தான் குடும்பமாகிவிட்டதாகவும், இனித் தன்னைத் தேட வேண்டாம் என்றும் எழுதியிருந்தான். கடைசி வரியில், "அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லவும்" என்று இருந்தது. கீழே ஒரு சணல் கம்பெனியின் முகவரி.

பார்வதியம்மாள் சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "அப்புறம்? அப்புறம் என்ன எழுதியிருக்கான்?" என்றாள். விசாலத்தின் வாய் தானாகச் சொல்லத் தொடங்கியது. இங்கே நல்ல வேலை கிடைத்திருக்கிறது. உடம்பு தேறி வருகிறது. யுத்தம் முடியும்வரை லீவு தரமாட்டார்கள். சம்பளத்தை இங்கேயே பாங்கியில் போட்டு வைக்கிறேன். அம்மாவை நன்றாகப் பார்த்துக்கொள். இத்தனையும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள்.

அன்று ராத்திரி கிழவி ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அப்படித் தொடங்கியது. மாதம் ஒரு கடிதம். ரேஷன் ஆபீசில் தனக்கு வேலை கிடைத்த பிறகு, கடிதம் தன் ஆபீஸ் முகவரிக்கு வருவதாகச் சொல்லிவிட்டாள். முதல் இரண்டு மூன்று கடிதங்களைக் கேட்டுவிட்டு மாமியார் குறைப்பட்டுக்கொண்டாள். "என்னடி இது, தந்தி அடிச்ச மாதிரி க்ஷேமம் க்ஷேமம்னே எழுதறான்? வெங்கிட்டு அப்படி இருக்கமாட்டானே. கடைத்தெருவுக்குப் போய்ட்டு வந்தான்னா ஈ எறும்பு வரைக்கும் சொல்லுவானே."

ராஜத்தோடு நடக்கப் போகும் பழக்கம் ஆரம்பித்தது அப்போதுதான். ஈ எறும்பு வரைக்கும் பார்க்க வேண்டிய அவசியம் விசாலத்துக்கு இருந்தது.

வெங்கிட்டுவின் கடிதங்கள் நன்றாக ஆகிக்கொண்டே வந்தன. குடைக்காரன் மழையில் நனைந்துகொண்டே குடை தைப்பதை அவன் எழுதினான். எதிர்வீட்டு ஜன்னலில் இருட்டடிப்புக்காக ஒட்டிய கறுப்புக் காகிதத்தில் ஒரு குழந்தை நகத்தால் சுரண்டி நட்சத்திரம் செய்ததை எழுதினான். பார்வதியம்மாள் ஒவ்வொரு கடிதத்தையும் பத்துத் தடவை படிக்கச் சொல்லிக் கேட்பாள். அவளுக்கு எல்லாம் வரி பிசகாமல் மனப்பாடம். உடனே பதிலும் சொல்லி எழுத வைப்பாள். விசாலம் அதைப் பணிவாக எழுதி, ஆபீஸ் போகிற வழியில் தபாலில் போடுவதாகச் சொல்லி எடுத்துப்போய், ஆபீஸ் மேஜையின் கீழறையில் வைத்துப் பூட்டுவாள்.

பார்த்ததில் பாதியை அவள் ராஜத்துக்கும் கொடுத்தாள். தாராவியிலிருந்து வரும் பேராச்சி என்பவளை அவள்தான் கொடுத்தாள். பேராச்சி தோல் கிடங்கில் கூலி வேலை செய்கிறவள். ரேஷன் கார்டு புதுப்பிக்க வந்தபோது, வீட்டில் எத்தனை பேர் என்று விசாலம் கேட்டாள். பேராச்சி விரல் விட்டு எண்ணினாள். நாலு விரலை நீட்டிய பிறகு சுண்டுவிரல் மடங்கியே இருந்தது. சற்று நேரம் அதையே பார்த்தாள். பிறகு இன்னொரு கையால் அதை நிமிர்த்தி, "அஞ்சு பேரு தாயி" என்றாள். வீட்டில் ஒரு பிள்ளை குறைந்திருப்பது விசாலத்துக்குப் புரிந்துவிட்டது. ஐந்து என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அதைச் சொன்ன அன்று ராஜம் பாதையிலேயே நின்றுவிட்டாள். விசாலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "இது எனக்கு வேணும்டி" என்றாள். இரண்டு மாதத்தில் அது கதையாக அச்சில் வந்தது. கதையில் ஊர் பெயரோ ஆள் பெயரோ இல்லை. விசாலத்துக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உறைக்கு மோர் வாங்க ராஜம் கீழே வந்தாள். பார்வதியம்மாள் அவளை விடவில்லை. "உக்காருடி. எம்பிள்ளை எழுதியிருக்கறதைக் கேட்டுட்டுப் போ. நீ எழுதறதைவிட நன்னா எழுதறான். விசாலம், அந்த லெட்டரை எடு."

விசாலம் எடுத்தாள். எதை எழுதினோம் என்று யோசிக்காமலே படித்துக்கொண்டு போனாள். "நேற்று டிராமில் ஒருவர் மடியில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் குழந்தைபோல உட்கார வைத்துக்கொண்டு வந்தார். ரிப்பேருக்குக் கொண்டுபோகிறார் போலிருக்கிறது, அது ஓடவில்லை. ஆனால் எதிர் சீட்டில் இருந்த கனவான் அதைப் பார்த்துத் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்."

படித்து முடித்த பிறகுதான் உறைத்தது. அது ராஜம் பார்த்தது. கிங்ஸ் சர்க்கிள் டிராமில் பார்த்துவிட்டு, பத்து நாளைக்கு முன்னால் ராஜம் சொன்னது. கல்கத்தாவிலும் டிராம் உண்டே என்று இவள் எடுத்துப் போட்டுவிட்டாள்.

தலையைத் தூக்கிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. கிழவி வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். ராஜமும் சிரித்தாள். "உங்க பிள்ளைக்கு நல்ல கண்ணு மாமி" என்றாள். மோரை வாங்கிக்கொண்டு போகும்போது வாசலில் விசாலத்தின் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் நடக்கும்போதும் ராஜம் எதுவும் கேட்கவில்லை. அதற்கப்புறமும் கேட்கவில்லை. இந்த உலகத்தில் தன் பாரம் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள், தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிறாள் என்று விசாலம் நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. கூடப்பிறந்தவள் இல்லாத குறை தீர்ந்தது என்று எண்ணிக்கொண்டாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, பக்கத்து மேஜைக் குமாஸ்தா சென்னையிலிருந்து வந்த ஒரு தீபாவளி மலரை ஆபீசுக்குக் கொண்டுவந்தார். "உங்க ராஜலக்ஷ்மி எழுதியிருக்காங்களே, பார்த்தீங்களா?" என்று நீட்டினார். ராஜம் இந்தக் கதையைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லையே என்று விசாலத்துக்கு ஆச்சரியம். 'தபால்காரர் வராத வீடு' என்று தலைப்பு. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள்.

முதல் பக்கத்திலேயே புரை விழுந்த கண்ணோடு ஒரு மாமியார் இருந்தாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு மருமகள், ஆபீசில் எல்லோரும் போன பிறகு உட்கார்ந்து, தன் கணவன் எழுதுவதுபோல் தனக்கே கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். கெட்டுப்போன விண்ணப்பத் தாள்கள் இருந்தன. மாமியார் கைகூப்பிக் கேட்பது இருந்தது. கணவன் வேறொருத்தியோடு வாழ்கிறான் என்றும் இருந்தது. அதை விசாலம் யாரிடமும் சொன்னதில்லை. ராஜம் ஊகித்துக்கொண்டிருக்கிறாள், ஊகித்ததும் சரியாகவே இருந்தது.

இதையெல்லாம்கூடத் தாங்கியிருப்பாள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. 'இப்போது அவளுக்கு அந்தக் கடிதங்களை எழுதுகிறவன்மேல் ஆசை வந்துவிட்டது. தன்னை விட்டுப் போனவனை அவள் மறந்துபோனாள், தான் எழுதியவனுக்காகப் பூ வைத்துக்கொண்டாள்.'

விசாலத்தின் கை தானாகத் தலைக்குப் போயிற்று. கடிதம் எழுதும் நாட்களில் ஆபீஸ் வாசலில் அரை முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொள்வது அவள் வழக்கம். ஏன் வாங்குகிறோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. ராஜம் கேட்டுப் பதிலும் எழுதி அச்சடித்துவிட்டாள்.

சாப்பாட்டை அப்படியே மூடினாள். மாமியாரால் படிக்க முடியாது, ஆனால் கட்டடத்தில் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தலைவலி என்று சொல்லி, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள்.

மாடிப்படி ஏறும்போதே குரல் கேட்டது. நாத்தனார் அகிலாண்டம் காட்கோபரிலிருந்து வந்திருந்தாள். பண்டிகைக்குப் பட்சணம் கொண்டுவந்தவள், அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று மலரையும் கொண்டுவந்திருக்கிறாள். "மாடி ராஜம் மாமி எழுதின கதைம்மா" என்று ஆசையாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். விசாலம் வாசற்படியில் நின்றாள். உள்ளே போய்ப் பிடுங்கிவிடலாம் என்று மனசு அடித்துக்கொண்டது, கால் நகரவில்லை.

"'டிராமில் ஒருவர் மடியில் ஒரு சுவர்க் கடிகாரத்தைக் குழந்தைபோல உட்கார வைத்திருந்தார்...'"

"இரு, இரு" என்றாள் பார்வதியம்மாள். முகமெல்லாம் சிரிப்பு. "இது நம்ம வெங்கிட்டு எழுதினதுன்னா! அன்னிக்கு ராஜம் கேட்டுண்டிருந்தா. அப்படியே எடுத்துப் போட்டுட்டா பாரு, கள்ளி! மேலே படி."

அகிலாண்டம் மேலே படித்தாள். அரைப் பக்கம் போனதும் அவள் குரல் தடுமாறியது. பிறகு நின்றது.

"ஏன் நிறுத்திட்டே?"

"கண்ணு வலிக்கறதும்மா. அப்புறம் படிக்கலாம்."

"படிடி."

அம்மாவின் குரல் மாறியதைக் கேட்டு அகிலாண்டம் பயந்துபோய், மிச்சத்தையும் படித்து முடித்தாள். கிழவி வாசல் பக்கம் முகத்தைத் திருப்பினாள். விசாலத்தின் மூச்சு அவளுக்குத் தெரியாதா?

"விசாலம், எம்பிள்ளை இருக்கானா, இல்லையா?"

"இருக்கார்ம்மா."

"கதையில சொல்லியிருக்கே, அந்த மாதிரியா?"

"ஆமாம்."

"அவன் எழுதினது ஏதாவது உண்டா?"

"ஒண்ணே ஒண்ணு. முதல்ல வந்தது."

"அதை எடுத்து அகிலாண்டத்துகிட்டக் குடு. நீ படிக்க வேண்டாம்."

அகிலாண்டம் படித்தாள். படிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. 'அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லவும்' என்ற வரி வந்ததும் விசாலம் வாயைத் திறந்தாள். "அம்மா, நீங்க அப்போ இருந்த நிலைமைக்கு..."

"நான் சொல்லி எழுதினதெல்லாம் என்ன ஆச்சு?" என்றாள் கிழவி. "இருபது மாசமா நான் அவனுக்குச் சொன்னது. அவன் அப்பா திவசத்தை மறக்காதேன்னு சொன்னது. ராத்திரி கனவில வந்தான்னு சொன்னது. அதெல்லாம் எங்கே?"

"ஆபீஸ்ல வச்சிருக்கேன்."

"நீ பொய் லெட்டர் படிச்சதைக்கூட விட்டுடலாம்டி. நான் நிஜமாச் சொன்னதை இல்ல நீ பூட்டி வச்சுட்டே?"

இந்தக் கேள்வி வரும் என்று விசாலம் ஒருநாளும் நினைத்ததில்லை. மறுநாள் அந்தக் கடிதக் கட்டை எடுத்துவந்து கொடுத்தாள். பார்வதியம்மாள் அதைத் தடவிப் பார்த்து, மடியில் வைத்துக்கொண்டு, மகளோடு காட்கோபர் போய்விட்டாள். தீபாவளிக்கு வீட்டில் விசாலம் ஒருத்திதான்.

பண்டிகைக்கு மறுநாள் அவள் மாடிக்குப் போனாள். ராஜம் அடுப்படியில் இருந்தாள். இவளைக் கண்டதும் பலகையை எடுத்துப் போட்டாள்.

"உக்காரு விசாலம். கேள்விப்பட்டேன். மாமி காதுக்குப் போகும்னு சத்தியமா நான் நினைக்கலை."

"வேற யார் காதுக்குப் போகும்னு நினைச்சே?"

"நான் உன்னைக் கேவலமாவா எழுதினேன்? நீயே படிச்சியோன்னோ? தெய்வம் மாதிரின்னா எழுதியிருக்கேன். படிச்சவா அத்தனை பேரும் கண்ணீர் விட்டதா பத்திரிகைக்காரர் எழுதியிருக்கார்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா வேண்டாம்னிருப்பே." ராஜம் அதை ஒளிக்காமல் சொன்னாள். "எட்டு மாசம் மனசுக்குள்ளேயே வச்சுண்டு தவிச்சேன்டி. வேற எதை எழுத உக்காந்தாலும் நீதான் வந்து நின்னே. அதை எழுதாம நான் இருந்திருக்க முடியாது."

"ஞாயித்துக்கிழமை என் தோளைப் பிடிச்சியே. நீ எனக்காகப் பேசாம இருக்கேன்னு நினைச்சேன். குறிச்சு வச்சுக்கறதுக்காகப் பேசாம இருந்தே."

ராஜத்துக்கும் ரோஷம் வந்தது. "கடிகாரம் நான் பார்த்தது. எங்கிட்டக் கேட்டியா நீ? அது போகட்டும். பேராச்சி விரலை யார் கொண்டுவந்து குடுத்தா? அவகிட்ட நீ கேட்டியா? அவளுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா? பார்க்கறதுக்கு யார்கிட்டப் பட்டா வாங்கணும்?"

விசாலம் எழுந்தாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"பூவைப் பத்தி எழுதினியே, அதை மட்டுமாவது விட்டிருக்கலாம் ராஜம். அது எனக்கே தெரியாது."

ராஜம் அழுதாள். விசாலம் இறங்கி வந்துவிட்டாள். அதற்கப்புறம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

பேராச்சியைப் பற்றி ராஜம் சொன்னது மட்டும் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் பேராச்சி கார்டோடு ஜன்னலில் வந்து நின்றபோது விசாலத்தால் அவளை நேராகப் பார்க்க முடியவில்லை.

"என்ன தாயி, மேலுக்கு முடியலையா? மூஞ்சி வாடிக் கெடக்கே" என்றாள் பேராச்சி.

விசாலம் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். "பேராச்சி, அன்னிக்கு நீங்க மடங்கின விரலை நிமிர்த்தினேளே, அதை ஒருத்தர்கிட்டச் சொல்லிட்டேன். அவா கதையா எழுதிட்டா. உங்க பேர் இல்லை. இருந்தாலும் உங்களைக் கேட்காம சொன்னது தப்பு."

பேராச்சிக்குக் கதை என்பது காதில் ஏறவே இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஆருட்டச் சொன்னிய? பெரியாபீசருட்டயா? கார்டப் புடுங்கிருவாவளோ?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது. பயப்படாதீங்கோ."

"எம்புள்ள போனத எங்க வளவுலகூட நான் சத்தம்போட்டுச் சொல்லல தாயி. ஒங்க மொகத்தப் பாத்து, புள்ளக்குட்டி அருமை தெரிஞ்சவுகன்னு நெனச்சேன்" என்றாள் பேராச்சி. கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அடுத்த மாதத்திலிருந்து நீளமாக இருந்தாலும் மூன்றாம் நம்பர் ஜன்னல் வரிசையில்தான் நின்றாள். விசாலத்தின் பக்கம் திரும்பவே இல்லை.

காட்கோபரில் பார்வதியம்மாள் ஒரு காரியம் செய்தாள். இருபது கடிதத்தையும் ஒரே கட்டாகக் கட்டி, சணல் கம்பெனி முகவரிக்கு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பச் சொன்னாள். கூட ஒரு வரியும் எழுதச் சொல்லவில்லை. அவன் எழுதாத கடிதங்களுக்கு அவள் சொன்ன பதில்கள் அவை. குடைக்காரனுக்காக அவள் இரக்கப்பட்டிருந்தாள், கடிகாரத்தை நினைத்து நினைத்துச் சிரித்ததாகச் சொல்லியிருந்தாள். அவனுக்கு எதுவும் விளங்கியிருக்காது. ஆனால் அவற்றில் அம்மாவின் குரல் இருந்தது. மூன்று வாரத்தில் அகிலாண்டத்தின் பேருக்குப் பதில் வந்தது. 'அம்மாவை அனுப்பி வைக்கவும். நான் ஹௌரா ஸ்டேஷனில் வந்து அழைத்துக்கொள்கிறேன்.' விசாலத்தைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை.

அகிலாண்டம்தான் ஆபீசுக்கு வந்து இதைச் சொன்னாள். தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அம்மா போறேன்னு ஒத்தைக்கால்ல நிக்கறா மன்னி. உங்களை அப்படிப் பண்ணினவன்கிட்டப் போகாதேன்னு நான் எவ்வளவோ சொன்னேன். 'அவன் எம்பிள்ளை'ங்கறா. இவருக்கு ரயில்வே பாஸ் இருக்கு. வியாழக்கிழமை கல்கத்தா மெயில்."

விசாலம் பேனாவை மூடிவைத்தாள். இரண்டு வருஷம் அந்தக் கிழவிக்குத் தலை வாரி, கை பிடித்துக் குளிக்க வைத்து, அவள் வாயில் ஒரு வாய்ச் சோறு இறங்குவதற்காகப் பொய் மேல் பொய்யாகப் பின்னினாள். விட்டுப் போனவன் ஒரு வரி எழுதினான், அவள் கிளம்பிவிட்டாள்.

போகக் கூடாது என்றுதான் இருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் எப்படியோ போரிபந்தர் ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்தாள். சிப்பாய்களும் மூட்டைகளுமாக பிளாட்பாரம் பிதுங்கியது. பார்வதியம்மாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அகிலாண்டத்தின் கணவர், "மன்னி வந்திருக்கா" என்று சொல்லிவிட்டு நாசூக்காக நகர்ந்துகொண்டார்.

கிழவி கம்பிக்கு வெளியே கையை நீட்டித் துழாவினாள். விசாலம் தன் கையைக் கொடுத்தாள். கிழவி அதைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்புக் கேட்பாளா, திட்டுவாளா, ஆசீர்வாதம் பண்ணுவாளா என்று விசாலம் காத்திருந்தாள். விசில் ஊதியபோதுதான் வாய் திறந்தாள்.

"அங்கே இருக்காளே, அவ எப்படி இருப்பா? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாதும்மா."

"நீ கூட இருந்தா பார்த்துச் சொல்லுவே. நான் என்ன பண்ணுவேன், எனக்குக் கண்ணு இல்லையே" என்றாள் கிழவி.

அவள் வேண்டுமென்று புண்படுத்தவில்லை. மனசில் இருந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். வண்டி நகர்ந்தது. விசாலம் கையை விடுவித்துக்கொண்டாள்.

பொங்கல் கழிந்ததும் அவள் எழுதிக் கேட்டு, செம்பூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். அங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு கிறிஸ்தவப் பெண்மணியின் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. மாதுங்கா வீட்டைக் காலி செய்த அன்று, ராஜம் மாடிப்படி வளைவில் நின்றுகொண்டிருந்தாள். கூலிக்காரன் டிரங்குப் பெட்டியோடு இறங்க, அவள் சுவரோடு ஒட்டி வழிவிட்டாள். விசாலம் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் தன் முகத்தில் எது இருக்கிறதோ அதை அவள் எடுத்துக்கொண்டுவிடுவாள் என்று தோன்றியது.

மாசி மாதத்தில் கல்கத்தாவிலிருந்து ஒரு கார்டு வந்தது. மாதுங்காவுக்குப் போய், அங்கிருந்து ஆபீஸ் வழியாகச் செம்பூர் வந்து சேர்ந்திருந்தது. தமிழ்தான். ஆனால் வெங்கடேஸ்வரன் கையெழுத்து இல்லை. உருண்டை உருண்டையாக, கோடு போட்டதுபோல் நேராக, யாரோ ஒரு பெண் எழுதியது.

'சௌபாக்கியவதி விசாலாக்ஷிக்கு. சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். இங்கே குளிர் அதிகம். அவன் காலையில் போனால் ராத்திரிதான் வருகிறான், பேசுவதற்கு நேரமில்லை. நீ கடிதம் எழுதினால் இவள் படித்துக் காட்டுவதாகச் சொல்கிறாள். விவரமாக எழுதவும்.'

விசாலம் அதை இரண்டு தடவை படித்தாள். அந்த உருண்டைக் கையெழுத்தை வெளிச்சத்தில் பிடித்து, எங்கேயாவது அழுத்தம் கூடியிருக்கிறதா, மை தடுமாறியிருக்கிறதா என்று பார்த்தாள். எங்கேயும் தடுமாறவில்லை. ஒரு வாரம் அந்தக் கார்டு ஜன்னல் மாடத்திலேயே கிடந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தபாலாபீசில் வாங்கிவந்த கார்டில் பதில் எழுதினாள். 'கடிதம் கிடைத்தது. நான் சௌக்கியம். செம்பூருக்கு மாறிவிட்டேன். புது விலாசம் கீழே.' அதற்குக் கீழே முக்கால் கார்டு காலியாக இருந்தது. பேனாவைப் பிடித்தபடி சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு விலாசத்தை எழுதி, மை காய்ந்ததும், அப்படியே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.